பிளேடு நுனியில் சில மில்லிமீட்டர்: ஆக்சியல் ஃபேன் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஸ்பின்னிங் மில்லின் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டோ (எச் பிளாண்ட்), கூலிங் டவரோ, ஆக்சியல் ஃபேன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் கையில் இருந்தால், பிளேடு நுனிக்கும் கேசிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை இன்றைக்கே அளந்து பாருங்கள். ஃபிட்டர்கள் இதை டிப் கிளியரன்ஸ் என்பார்கள், சுருக்கமாக கேப். காற்று குறைகிறது, ஆம்ப்ஸ் ஏறுகிறது, சத்தம் மாறிவிட்டது என்று புகார் வந்தால் மோட்டாரைப் பார்ப்போம், பெல்ட்டைப் பார்ப்போம், ஃபில்டரைப் பார்ப்போம். கேப்பைப் பார்ப்பவர் மிகக் குறைவு.

அங்கே நடப்பது இதுதான். ஓடும் பிளேடின் ஒரு முகத்தில் அழுத்தம் அதிகம், மறு முகத்தில் குறைவு. நுனியில் இரண்டையும் பிரித்து வைக்க எதுவும் இல்லை. இரு முகங்களுக்கும் இடையே 500 பாஸ்கல் வித்தியாசம், அதாவது 5 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு, இருந்தாலே கேப் வழியாகக் காற்று விநாடிக்கு 29 மீட்டர் வேகத்தில் பீறிடும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். இந்தக் குறுக்குக் காற்று நேராகப் போகும் காற்றோடு மோதி, கயிறு திரிப்பது போலச் சுருண்டு ஒரு சுழலாகிறது. கேசிங் சுவரை ஒட்டித் தளர்ந்து வரும் காற்றையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு, அடுத்த பிளேடின் பாதையில் போய் அடைத்துக்கொள்கிறது. நுனிதானே என்று தள்ளிவிட முடியாது. வட்டத்தின் ஆரத்தில் வெளிப்பக்கப் பத்தில் ஒரு பங்குக்குள் மொத்தப் பரப்பில் 19 சதவீதம் அடங்கிவிடுகிறது. பிளேடின் வேகமும் அங்கேதான் உச்சம்.

எனக்குத் தெரிந்த ஒரு மில்லில் சப்ளை ஃபேனில் காற்று போதவில்லை என்று பிளேடு ஆங்கிளைக் கூட்டினார்கள். சில வாரம் சரியாக இருந்தது. மறுபடி குறைந்தது, மறுபடி கூட்டினார்கள். ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் ஒரு பிளேடு வேரோடு முறிந்து, தண்ணீர்த் துளிகளைத் தடுக்கும் எலிமினேட்டரைக் கிழித்துக்கொண்டு போனது. அந்த நேரம் உள்ளே ஆள் இல்லை. பிறகு கேசிங்கை அளந்தால் ஒரு பக்கம் கேப் 3 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் 14. ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி அளந்திருந்தால் அந்தப் பிளேடு முறிந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

1. ஐசொலேட்டரை ஆஃப் செய்து, பூட்டு போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே கேசிங்குக்குள் கை வையுங்கள். பவர் இல்லாவிட்டாலும் பக்கத்து ஃபேனின் காற்று இந்த ஃபேனைச் சுற்றிவிடும். ஹப்பைக் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

2. கேப்பை இரண்டு விதமாக அளந்து பாருங்கள். ஒரு விதம் மட்டும் அளந்தால் கோளாறு எங்கே என்று தெரியாது. முதலில் ஒரே ஒரு பிளேடைத் தேர்ந்தெடுத்து, அதைக் கையால் சுற்றி, கேசிங்கில் எட்டு இடங்களில் ஃபீலர் கேஜ் அல்லது டேப்பர் கேஜ் வைத்து அளவெடுங்கள். அடுத்து கேசிங்கில் ஒரே இடத்தில் கேஜைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பிளேடுகளையும் ஒவ்வொன்றாக அதன் எதிரே கொண்டுவந்து அளவெடுங்கள். முதல் அளவில் ஒரு சுற்றுக்கு ஒரு முறை கூடிக் குறைந்தால் ஷாஃப்ட் நடுவில் இல்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறைந்தால் கேசிங் முட்டை வடிவமாகிவிட்டது. இரண்டாவது அளவில் வித்தியாசம் வந்தால் கேசிங் மேல் பழி போடாதீர்கள். பிளேடின் நீளம், பிளேடு உட்காரும் இடம், ஹப்பின் ஆட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். நுனியின் முன் விளிம்பு, நடு, பின் விளிம்பு என்று மூன்று இடத்திலும் அளந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும்.

3. ஒன்றாம் நம்பர் பிளேடுக்குப் பஞ்ச் அடையாளம் போட்டு, அளவுகளைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் எண் பெரிதா சிறிதா என்று சொல்ல இந்த எண்தான் வேண்டும்.

4. உங்கள் ஃபேனுக்கு எவ்வளவு கேப் என்று தயாரிப்பாளரின் டிராயிங்கில் பாருங்கள். டிராயிங் தொலைந்திருந்தால் இன்றே கேட்டு எழுதுங்கள். ஒரு ஒப்பீட்டுக்கு, ஏர் கூல்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஃபேன்களுக்கான ஏபிஐ 661 விதி 3 மீட்டர் விட்டம் வரை 6 முதல் 13 மில்லிமீட்டரும், 3.5 மீட்டருக்கு மேல் 6 முதல் 19 மில்லிமீட்டரும் அனுமதிக்கிறது. டக்டுக்குள் அதிக அழுத்தத்துக்கு எதிராக ஓடும் சிறிய ஃபேனுக்கு இதைவிடக் குறைவாகத்தான் வேண்டும்.

5. கேப்பை மில்லிமீட்டரில் மட்டும் யோசிக்காமல், பிளேடு உயரத்தில் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுங்கள். கம்ப்ரஸர் துறையில் பல காலமாக வைத்திருக்கும் கணக்கு: கேப் பிளேடு உயரத்தில் 1 சதவீதம் கூடினால் செயல்திறன் 1 முதல் 2 சதவீதம் போகும். விட்டம் 1.2 மீட்டர், ஹப் 0.5 மீட்டர் உள்ள ஃபேனில் பிளேடு உயரம் 350 மில்லிமீட்டர். அங்கே 1 சதவீதம் என்பது வெறும் 3.5 மில்லிமீட்டர். 15 கிலோவாட் இழுக்கும் ஃபேன் வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 1,20,000 யூனிட். அதில் 3 சதவீதம் போனாலே 3,600 யூனிட். ஒரு ஃபேனுக்கு மட்டும். இந்த எண்ணை எழுதிக் காட்டினால் ஷட்டவுன் கேட்பது சுலபம். பயணிகள் விமானத்தின் ஜெட் எஞ்சினில் இதே காரணத்துக்காகத்தான், பறக்கும்போது டர்பைன் கேசிங்கின் மேல் குளிர்ந்த காற்றை ஊதி அதைச் சுருங்கவைத்துக் கேப்பைக் குறைக்கிறார்கள்.

6. நிற்கும்போது அளந்த கேப் ஓடும்போது இருக்காது என்பதைக் கணக்கில் சேருங்கள். அலுமினியம் இரும்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 600 மில்லிமீட்டர் ஆரமுள்ள அலுமினிய ரோட்டரும் இரும்பு கேசிங்கும் 40 டிகிரி சூடேறினால், கேப்பில் கால் மில்லிமீட்டருக்கு மேல் குறையும். அதற்கு மேல் சுழற்சியின் இழுப்பும், பேரிங்கின் ஆட்டமும். எஃப்ஆர்பி பிளேடாக இருந்தால் காற்றின் எதிர்விசையில் நுனி நிற்கும் இடமே நகரும்.

7. இன்லெட்டில் உள்ள பெல்மவுத்தைத் தடவிப் பாருங்கள். நசுங்கல், துரு, வெல்டு மேடு, பிளேடுக்கு முன்னால் ஒரு படி போன்ற விளிம்பு, எதுவும் இருக்கக் கூடாது. சுவரை ஒட்டி வரும் காற்று அங்கே பிய்ந்தால், அது நேராக வந்து விழுவது பிளேடு நுனியில்தான்.

8. எல்லாப் பிளேடுகளும் ஒரே ஆங்கிளில் இருக்கின்றனவா என்று டிஜிட்டல் ஆங்கிள் மீட்டர் வைத்துப் பாருங்கள். நுனியிலிருந்து ஒரே தூரத்தில் கோடு போட்டுக்கொண்டு வையுங்கள். பிளேடு முறுக்கிய வடிவம், இடம் மாறினால் ஆங்கிளும் மாறும். ஒரு பிளேடு மட்டும் கூடுதலாக நின்றால் அதுதான் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது காற்று அதன் முகத்தை விட்டுப் பிய்ந்துவிடும்.

9. பிளேடின் முன் விளிம்பைச் சுத்தம் செய்யுங்கள். ரிட்டர்ன் ஃபேனில் பஞ்சு ஒட்டும், சப்ளை ஃபேனில் தண்ணீர்த் துளி பட்டு உப்பு படியும். எல்லாப் பிளேடையும் ஒரே நாளில் துடையுங்கள். பாதி துடைத்தால் பேலன்ஸ் போகும்.

10. ஃபில்டர் அடைப்பை ஃபேனின் கோளாறாகவே நினைத்து, அழுத்த வித்தியாசத்தை ஒவ்வொரு ஷிப்டிலும் குறியுங்கள். டேம்பரை யாரும் தொடாவிட்டாலும், அடைத்த ஃபில்டர் டேம்பரை மூடியதற்குச் சமம். காற்று குறையக் குறைய பிளேடு நுனியில் காற்று இன்னும் சாய்ந்த கோணத்தில் வந்து மோதும். கேப் கசிவில் உருவாகும் சுழல் முன்னால் நகர்ந்து முன் விளிம்பைத் தாண்டி வெளியே வழியும்போது ஸ்டால் தொடங்கும். கேப் பெரிதாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

11. ஸ்டாலைக் காதாலும் மீட்டராலும் கண்டுபிடிக்கப் பழகுங்கள். நல்ல ஃபேனின் ஓசை சீராக இருக்கும். எட்டு பிளேடு 1,440 ஆர்பிஎம் என்றால் 192 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் கேட்கும். ஸ்டால் வந்தால் அதற்குக் கீழே தாழ்ந்த குரலில் ஓர் உறுமல் எழும், டக்டு மூச்சு விடுவது போல உள்ளே வெளியே அசையும், ஆம்மீட்டர் முள் ஒரு இடத்தில் நிற்காது. ஸ்டால் ஆன பகுதி ரோட்டரைவிட மெதுவாகச் சுற்றும். ஆகவே வைப்ரேஷன் ஸ்பெக்ட்ரத்தில் சுழற்சி வேகமான 24 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு மேடு தெரியும். பெல்ட் டிரைவாக இருந்தால் கவனம்: பெல்ட்டின் மேடும் அந்தப் பக்கத்தில்தான் வரும். டேம்பரைத் திறந்து பாருங்கள். மேடு மறைந்தால் ஸ்டால், மறையாவிட்டால் பெல்ட்.

12. காற்றைக் குறைக்க வேண்டுமானால் விஎஃப்டியில் வேகத்தைக் குறையுங்கள். வேகம் 20 சதவீதம் குறைந்தால் பவர் கிட்டத்தட்ட பாதியாகும். பிளேடு மீது காற்று விழும் கோணமும் பெரும்பாலும் மாறாது, அதனால் ஸ்டால் பக்கம் நகராது. இது டக்டும் ஃபில்டரும் மட்டும் எதிர்க்கும் இடத்துக்குப் பொருந்தும். எதிரே வேறு ஃபேன் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தால் பொருந்தாது.

13. இரண்டு ஃபேன் ஒரே டக்டில் ஊதினால், இரண்டாவதை எடுக்கும் முன் ஓடும் ஃபேனின் லோடைக் குறையுங்கள். அதன் அழுத்தம் உயரத்தில் இருக்கும்போது புதிதாக வரும் ஃபேன் அதற்கு எதிரே காற்றைத் தள்ள முடியாமல் ஸ்டாலிலேயே மாட்டிக்கொள்ளும். பெரிய அனல் மின் நிலைய ஃபேன்களிலும் இதே ஒழுங்குதான்.

14. ஸ்டாலில் ஓடியதாகச் சந்தேகம் வந்தால், பிளேடு வேரில் டை பெனட்ரன்ட் போட்டு விரிசல் பாருங்கள். விரிசல் முதலில் வருவது வேரில்; கண்ணுக்குத் தெரியும் அளவு ஆகும்போது காலம் கடந்திருக்கும்.

செய்யக்கூடாதவை

1. காற்று குறைந்த உடனே பிளேடு ஆங்கிளைக் கூட்டாதீர்கள். மேலே சொன்ன மில்லில் நடந்தது இதுதான். ஆங்கிள் கூடினால் பிளேடின் இரு முகங்களுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் கூடும். அதே கேப் வழியாக இன்னும் வேகமாகக் காற்று திரும்பிப் போகும். கூட்டிய பவரில் ஒரு பங்கு சுழலுக்குத்தான் தீனி. ஸ்டால் எல்லையும் பக்கத்தில் வந்துவிடும். கேப், ஃபில்டர், பெல்ட் வழுக்கல், பிளேடு அழுக்கு, இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகே ஆங்கிளைத் தொடுங்கள். தொட்டால் தயாரிப்பாளரின் வளைகோட்டில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

2. சென்ட்ரிஃபியூகல் ஃபேனில் பழகிய கையோடு ஆக்சியல் ஃபேனின் டேம்பரை மூடாதீர்கள். அங்கே டேம்பரை மூடினால் பெரும்பாலும் ஆம்ப்ஸ் இறங்கும். இங்கே ஏறவும் கூடும், பிளேடும் ஸ்டாலில் விழும். நிலையான ஆங்கிள் ஃபேனை மூடிய டேம்பரோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

3. ஸ்டால் வந்துவிட்டது என்று தெரிந்தும் ஷிப்ட் முடியட்டும் என்று ஓடவிடாதீர்கள். ஸ்டால் ஆன பகுதிக்குள் நுழைந்து வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் பிளேடு ஒரு அடி வாங்குகிறது. ஒரு விநாடிக்குப் பத்து அடி என்று வைத்தால் எட்டு மணி நேரத்தில் 2,88,000. டேம்பரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள்; ஸ்டாலில் விழுந்த ஃபேன் விழுந்த புள்ளியில் எழாது. அதையும் தாண்டித் திறக்க வேண்டும், அல்லது நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும்.

4. கேப்பை ஃபோம், ரப்பர் பட்டை, பட்டி எதையும் ஒட்டி அடைக்காதீர்கள். முதல் வாரம் காற்று கூடியது போலத் தெரியும். ஒரு முனை பிரிந்தால் பிளேடு அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். கேசிங் கோணலாக இருந்தால் கேசிங்கைச் சரிசெய்யுங்கள். கூலிங் டவரில் எஃப்ஆர்பி ஸ்டாக் துண்டுகளின் போல்ட் தளர்ந்திருந்தால் அதை இறுக்குங்கள்.

5. கேப் சுழியமாக இருந்தால் நல்லது என்று ஆசைப்படாதீர்கள். பஞ்சு பறக்கும் ரிட்டர்ன் டக்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். துருப்பிடித்த இரும்பில் அலுமினியம் உரசினால் மிகச் சூடான தீப்பொறி பறக்கும். அதன் பக்கத்திலேயே ஃபில்டரில் பஞ்சு. கேசிங்கின் உள்ளே பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால் அது உரசலின் தழும்பு. அதைப் பார்த்த பிறகு அந்த ஃபேனை ஓட்டாதீர்கள். எவ்வளவு உற்பத்தி நின்றாலும் சரி.

6. உரசுகிறது என்று ஒரு பிளேடின் நுனியை மட்டும் கிரைண்டரில் அரைக்காதீர்கள். பேலன்ஸும் போகும், அந்தப் பிளேடுக்குக் கேப்பும் நிரந்தரமாகப் பெரிதாகும். உரசலுக்குக் காரணம் பேரிங்கா, ஷாஃப்டா, கேசிங்கா என்று உங்கள் இரண்டு அளவுகளும் ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

7. நுனியின் கூர் விளிம்பைப் பாலிஷ் போட்டு உருட்டாதீர்கள். உருட்டினால் காற்று வழுக்கிக்கொண்டு போகும் என்று நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். போவது கசியும் காற்று! அழுத்தம் கூடிய பக்கத்து விளிம்பு கூராக இருக்கும்போது, கேப்புக்குள் நுழையும் காற்று அந்த விளிம்பில் பிய்ந்து ஒடுங்கும். கசிவு தானாகக் குறையும். விளிம்பை உருட்டினால் முழுக் கேப்பும் வாசலாகிவிடும். 1954-ல் அமெரிக்காவின் கால்டெக்கில் ரெயின்ஸ் என்ற ஆய்வாளர் கம்ப்ரஸர், பம்ப் நுனிக் கசிவை ஆராய்ந்தபோது, அதை ஓட்டுவது அழுத்த வித்தியாசம்தான் என்ற அடிப்படையில்தான் கணக்கு எழுதினார். அதனால் வழவழப்பான பெயின்டும் பயன் தராது; கேப்பும் லோடும்தான் தீர்மானிக்கும்.

8. ஒரு பிளேடு கெட்டால் ஸ்டோரில் கிடக்கும் ஏதோ ஒரு பிளேடைப் போடாதீர்கள். மொத்த எடை ஒன்றாக இருந்தாலும் எடை இருக்கும் தூரம் வேறாக இருந்தால் ஆடும். எடையும் அது இருக்கும் தூரமும் சேர்த்துப் பொருத்திய செட்டாக வாங்குங்கள்.

9. பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேனுக்கு ஸ்டார்ட் கொடுக்காதீர்கள். மோட்டார் முதலில் அதை நிறுத்தி, பிறகு திருப்ப வேண்டும். கரண்ட் நீண்ட நேரம் ஏறி நிற்கும், பிளேடு வேர் முறுக்கு வாங்கும். நிற்கும் ஃபேனின் டேம்பரை மூடி வைத்தால் இந்த நிலையே வராது.

10. பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். ஷாஃப்ட் ஒரு பக்கம் இழுபட்டு, பேரிங் தேய்ந்து, ஒரு பக்கக் கேப் குறையும், எதிர்ப்பக்கம் கூடும்.

11. இன்லெட்டுக்கு எதிரே மூட்டை, ஏணி, பழைய ஃபில்டர் ஃபிரேம் எதையும் சாய்த்து வைக்காதீர்கள். ஒரு பக்கம் மறைந்த காற்று ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு நுனியை ஒரு முறை உலுக்கும். புது டக்டு போடும்போது ஃபேனுக்கு முன்னாலேயே முழங்கை வளைவு வைக்கவும் சம்மதிக்காதீர்கள். இடம் இல்லை என்றால் வளைவுக்குள் திருப்பு வேன்களையாவது கேட்டு வாங்குங்கள்.

12. காற்று போதவில்லை என்பதற்காகப் பெரிய மோட்டார் ஆர்டர் போடாதீர்கள். முதலில் இன்று மதியம் ஷிப்ட் மாறும்போது ஃபேனை நிறுத்தக் கேளுங்கள். ஒரு ஃபிட்டர், ஒரு டார்ச், ஃபீலர் கேஜ், சாக்பீஸ் போதும். எட்டு இடத்தில் அளந்து, ஒன்றாம் நம்பர் பிளேடிலிருந்து தொடங்கி எழுதிக்கொள்ளுங்கள்.